யார் பக்கத்துல யார்?

உங்க உடம்பில் ஓடும் ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரு 'சீட்டிங் அரேஞ்ச்மென்ட்' இருக்கு. அது கொஞ்சம் சொதப்பினாலும் ஆளே காலி!

செமஸ்டர் எக்ஸாம் ஹாலை ஒரு நிமிஷம் கண் முன்னால கொண்டு வாங்க. கொஸ்டின் பேப்பர் எல்லாருக்கும் ஒண்ணுதான். எழுதுற ஆட்களும் அதே ஆட்கள்தான். ஆனா, சூப்பர்வைசர் உங்க பெஞ்ச் பக்கத்துல நிக்கிறாரா, வராண்டாவுல போன் பேசிட்டு நிக்கிறாரா? உங்களுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிறது கிளாஸ் டாப்பரா, இல்ல உங்களைப் பார்த்து எழுதலாம்னு வந்திருக்கிற அப்பாவி ஜீவனா? இதைப் பொறுத்து ரிசல்ட்டே தலைகீழா மாறிடும்தானே! கேள்வியும் மாறலை, ஆளும் மாறலை. மாறினது 'யார் பக்கத்துல யார்' மட்டும்தான்.

இதே கூத்துதான், நீங்க இந்த வரியைப் படிக்கிற செகண்டுலகூட உங்க ரத்தத்துலயும் நிணநீர் முடிச்சுகள்லயும் நடந்துக்கிட்டிருக்கு. அங்கே ஹால், டி செல்லோட மேல்தோல். அதாவது, செல் சவ்வு. எழுதுற ஆட்கள், அந்தச் சவ்வில் மிதக்கிற புரதங்கள். ரிசல்ட்? 'எதிரி வந்தாச்சு, அடி!' அல்லது 'நம்ம ஆளு, விடு!'

'அடி'ன்னு சொல்ல வேண்டிய இடத்துல 'விடு'ன்னு சொன்னா, வைரஸும் கேன்சரும் குடும்பத்தோட குடியேறிடும். 'விடு'ன்னு சொல்ல வேண்டிய இடத்துல 'அடி'ன்னு சொன்னா, நம்ம உடம்பை நாமளே தின்போம். டைப்-1 சர்க்கரை நோய்ல கணையத்தோட இன்சுலின் செல்களை அழிக்கிறது வெளியாள் இல்லை, சாட்சாத் நம்ம டி செல்கள்தான். ஸோ, இது விளையாட்டு மேட்டர் இல்லை பாஸ்!

கூட்டத்துல திருடனைக் கண்டுபிடி!

முதல்ல டி செல்லோட கஷ்டத்தைப் புரிஞ்சுக்குங்க. அதோட குறுக்களவு சுமார் 7 மைக்ரோமீட்டர். மேல 'டி.சி.ஆர்.'னு ஒரு ரிசப்டர், ஏறக்குறைய 30 ஆயிரம் காப்பி. மத்த செல்கள் எல்லாம் தங்களுக்குள்ள இருக்கிற புரதங்களைத் துண்டு துண்டா நறுக்கி, எம்.ஹெச்.சி. என்கிற தட்டுல வெச்சு வெளியே நீட்டும். டி செல் வந்து தொட்டுத் தொட்டுப் பார்க்கும். தட்டுல இருக்கிற துண்டு நம்ம சொந்தப் புரதமா, இல்ல வைரஸோடதா? டி செல் இப்படி தட்டையும் துண்டையும் சேர்த்துத்தான் பார்க்குதுன்னு 1974-ல் கண்டுபிடிச்ச பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் ஸிங்கர்நாகலுக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைச்சது.

பிரச்னை என்னன்னா, ஒரு செல் பல்லாயிரம் தட்டு நீட்டும். அத்தனையிலும் நம்ம சொந்தச் சரக்கு. நடுவுல வைரஸ் துண்டு பத்தோ, பதினஞ்சோ இருந்தாலே அதிகம். ஆனாலும் டி செல் கோட்டை விடுறதில்லை. ஒரு துண்டை எண்ணி எண்ணிப் பார்க்கிற மாதிரி மைக்ரோஸ்கோப்பில் வெச்சு 2002-ல் சோதிச்சப்போ, ஒரே ஒரு துண்டு கண்ணுல பட்டாக்கூட டி செல் சட்டுனு நின்னு கவனிக்குது, பத்து இருந்தா முழு அலாரமே அடிச்சிடுதுன்னு தெரிஞ்சது. திருவிழாக் கூட்டத்துல ஒரு பிக்பாக்கெட்டைக் கண்டுபிடிக்கிற கான்ஸ்டபிள் மாதிரி!

இத்தனை துல்லியம் ரிசப்டரோட திறமையால மட்டும் வந்துடலை. அந்த ரிசப்டருக்கு உள்ளே சொந்தமா சிக்னல் கொடுக்கிற இயந்திரம் எதுவும் கிடையாது. பக்கத்துல இருக்கிறவங்க வந்து உதவினாத்தான் உண்டு. அதனாலதான் பக்கத்துல யாருங்கிறது இவ்வளவு முக்கியம்.

சுவர் இல்லை... குளம்!

'செல் சவ்வு'ன்னதும் ப்ளஸ் டூ புத்தகத்துல பார்த்த படம் ஞாபகம் வரும். ரெண்டு வரிசை குண்டு தலை, நடுவுல வால். அந்த ரெட்டை அடுக்கு சமாசாரத்தை 1925-லயே கோர்ட்டர், கிரெண்டல் என்ற ரெண்டு டச்சுக்காரங்க சொல்லிட்டாங்க. ஆனா, படத்தைப் பார்த்தா செங்கல் சுவர் மாதிரி அசையாம நிக்கும். அங்கேதான் நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டாங்க!

1970-ல் ஃபிரை, எடிடின் என்ற ரெண்டு பேர் ஒரு குறும்பு பண்ணினாங்க. ஒரு மனித செல், ஒரு எலி செல். ரெண்டையும் ஒண்ணா ஒட்டி ஒரே செல்லா ஆக்கினாங்க. மனிதப் புரதத்துக்கு ஒரு கலர், எலிப் புரதத்துக்கு வேற கலர். ஆரம்பத்துல பாதிக்குப் பாதி, ரெண்டு கட்சிக் கொடி மாதிரி தெளிவா பிரிஞ்சு நின்னுது. 37 டிகிரியில் 40 நிமிஷம் வெச்சிருந்தாங்க. அவ்வளவுதான், ரெண்டு கலரும் கலந்து ஒண்ணாயிடுச்சு. குளிர்ல வெச்சா கலக்கலை. அப்போ சவ்வு சுவர் இல்லை, எண்ணெய் மாதிரி குழகுழன்னு இருக்கிற ஒரு குளம். புரதங்கள் அதுல மிதக்கிற ஆட்கள். இதை வெச்சுத்தான் 1972-ல் ஸிங்கரும் நிக்கல்சனும் 'ஃப்ளூயிட் மொசைக்'னு பேர் வெச்சாங்க. இன்னிக்கும் நீங்க பத்து மார்க்குக்கு எழுதுறது அதைத்தான்.

ஆனா, அந்தக் குளத்துல ஆட்கள் கண்டபடி மிதக்கலை, அதுக்குள்ளயும் கோஷ்டி உண்டு, ஒழுங்கு உண்டு. அதுதான் இந்தக் கட்டுரையோட மேட்டரே.

எழுதுறவனும் அழிக்கிறவரும்

மூணே மூணு கேரக்டர். பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஒண்ணு, நம்ம டி.சி.ஆர். சவ்வுக்கு உள்பக்கம் அதோட கூட்டாளிகளுக்கு வால் இருக்கு. அதுல 20 இடத்துல பாஸ்பேட் ஒட்டலாம். வெத்துப் பேப்பர்ல 20 கோடிட்ட இடம்னு வெச்சுக்குங்களேன்.

ரெண்டு, 'எல்.சி.கே.' சவ்வோட உள்பக்கத்துல ஒட்டிக்கிட்டு அலையும் ஒரு என்சைம். பக்கத்துல யார் பேப்பர் கிடைச்சாலும் கோடிட்ட இடத்தை நிரப்பிக் கொடுக்கிற தாராளப் பிரபு.

மூணு, 'சிடி45'. இவர்தான் சூப்பர்வைசர். கையில ரப்பரோட திரிவார். எல்.சி.கே. எழுத எழுத இவர் அழிச்சுக்கிட்டே போவார்.

சாதாரண நேரத்துல மூணு பேரும் கலந்து மிதப்பாங்க. எழுது, அழி, எழுது, அழி... ஒண்ணும் தேறாது. டி செல் அமைதி.

இப்போ டி செல், ஒரு வைரஸ் பாதிச்ச செல்லைத் தொடுது. டி.சி.ஆர். போய் தட்டைப் பிடிக்குது. அப்படிப் பிடிக்கிறப்போ ரெண்டு செல்லோட சவ்வுகளுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சுமார் 15 நானோமீட்டர். உங்க தலைமுடியோட தடிமன் சுமார் 80 ஆயிரம் நானோமீட்டர்னா பார்த்துக்குங்க. இங்கேதான் கதையில ட்விஸ்ட். சிடி45 ரொம்ப உயரமான ஆள். வெளியே 20 நானோமீட்டருக்கு மேல நீட்டிக்கிட்டு நிப்பார். 15 நானோமீட்டர் சந்துக்குள்ள அவரால நிக்க முடியாது. வெளியே பிதுக்கித் தள்ளப்படுவார்!

சூப்பர்வைசர் அவுட். எல்.சி.கே. உள்ளேயே இருக்கான். கேக்கணுமா? எழுதினது எழுதினபடி நிக்குது. அதைப் பார்த்து 'ஸாப்-70'னு இன்னொரு என்சைம் ஓடி வந்து உட்காருது. அது 'லாட்'னு ஒரு புரதத்தை உசுப்புது. லாட்டைச் சுத்தி ஒரு கூட்டமே கூடுது. சில செகண்டுகள்ல செல்லுக்குள்ள கால்சியம் வெள்ளமா பாயுது. டி செல் முழிச்சாச்சு!

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஸைமன் டேவிஸும் ஆன்டன் வான் டெர் மெர்வாவும் 1996-ல் இந்த ஐடியாவைச் சொன்னாங்க. 'உயரத்தைப் பொறுத்து சிக்னலா? என்னப்பா கதை விடுறீங்க?'ன்னு கேக்கத் தோணுதில்ல? அதுக்கும் பதில் வந்தது. 2005-ல் அவங்க குழு ஒரு சிம்பிளான காரியம் பண்ணிச்சு. அந்த எம்.ஹெச்.சி. தட்டுக்கு அடியில கூடுதலா புரதத் துண்டுகளைச் சொருகி உயரத்தைக் கூட்டினாங்க. தட்டு அதே தட்டு, துண்டும் அதே துண்டு, டி.சி.ஆர். பிடிக்கிற பிடியும் அதே பிடி. ஆனா, சந்து அகலமாயிடுச்சு. சூப்பர்வைசர் உள்ளேயே நின்னுட்டார். விளைவு... டி செல் சிக்னல் சரசரன்னு குறைஞ்சு போச்சு. ஒரு மூலக்கூறு மாறாம, வெறும் சில நானோமீட்டர் இடைவெளி மாறினதுக்கே இந்த எஃபெக்ட்!

ஒரு சின்ன டிஸ்கி. சிடி45-ஐ வில்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. எல்.சி.கே-யோட கையைக் கட்டிப்போட்டிருக்கிற ஒரு பாஸ்பேட்டை அவிழ்த்து விடுறதும் இவர்தான். பிறவியிலேயே சிடி45 இல்லாத குழந்தைகளுக்கு டி செல் ஒழுங்கா வேலை செய்யாம, கடுமையான எதிர்ப்பு சக்திக் குறைபாடு வருது. சூப்பர்வைசர் இல்லாத எக்ஸாமும் நடக்காது, அவர் நகராத எக்ஸாம்ல இங்கே யாரும் பாஸும் ஆக முடியாது!

இது மட்டும்தான் காரணம்னு எல்லாரும் ஒத்துக்கலை. டி.சி.ஆரைப் பிடிச்சு இழுக்கிற விசைதான் சுவிட்ச்னு ஒரு கோஷ்டி, வடிவம் மாறுறதுதான்னு இன்னொரு கோஷ்டி. சண்டை இன்னும் ஓயலை. ஆனா, ஆட்கள் நிக்கிற இடம் முக்கியம் என்பதில் சண்டை இல்லை.

குறி பார்த்து அடி!

1998-ல் அமெரிக்காவின் டென்வர்ல அவி குஃபர் குழு ஒரு படம் வெளியிட்டது. டி செல்லும் இன்னொரு செல்லும் ஒட்டுற இடத்தைப் படம் பிடிச்சா, அப்படியே துப்பாக்கி சுடுற போட்டியில வைக்கிற வட்டப் பலகை! நடுப்புள்ளியில டி.சி.ஆர்., அதைச் சுத்தி ஒட்டுப் புரதங்கள் ஒரு வளையமா. 1999-ல் மைக்கேல் டஸ்டின் உள்ளிட்ட குழு, ஒரு பக்க செல்லையே தூக்கிட்டு, கண்ணாடி மேல செயற்கைச் சவ்வைப் பரப்பி அதே வட்டத்தை லைவா உருவாக்கிக் காட்டிச்சு. 'இம்யூன் சினாப்ஸ்' என்ற பேர் பிரபலமாச்சு.

'ஆஹா, நடு வட்டத்துலதான் சிக்னல் நடக்குது'ன்னு பலரும் நினைச்சாங்க. ஆனா, 2002-ல் பார்த்தா, வட்டம் உருவாகுறதுக்கு முன்னாடியே சிக்னல் ஆரம்பிச்சு உச்சத்தையும் தொட்டுடுது. அப்புறம் நடு வட்டம் எதுக்கு?

இன்ஜினீயரிங் மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம், ஏன்னா இதுக்கு விடை சொன்னது நம்ம டெக்னிக்! கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜே குரோவ்ஸ் குழு, சிப் தயாரிக்கிற அதே எலெக்ட்ரான் பீம் லித்தோகிராஃபியால கண்ணாடி மேல குரோமியம் கோடுகளைப் போட்டாங்க. செயற்கைச் சவ்வுக்கு அது வேலி. டி.சி.ஆர். கூட்டங்கள் நடுவுக்குப் போக முடியாம ஓரத்துலயே மாட்டிக்கிச்சு. 2005-ல் வந்த ரிசல்ட்: ஓரத்துல மாட்டின கூட்டங்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் சிக்னல் கொடுத்தது! அதாவது, சிக்னல் பிறக்கிறது ஓரத்துல இருக்கிற குட்டிக் குட்டிக் கூட்டங்கள்ல. நடு வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தா, சிக்னல் அடங்கிடும். 'மாப்ள, ஆட்டம் முடிஞ்சுது, வீட்டுக்குக் கிளம்பு'ன்னு சொல்ற இடம் அது.

ஒரு மருந்தும் கிடையாது, ஒரு ஜீனையும் மாத்தலை. வெறும் வேலி போட்டே டி செல்லோட முடிவை மாத்திட்டாங்க!

தெப்பம் நிஜமா... கற்பனையா?

சரி, இந்தக் குளத்துல கோஷ்டி சேர்க்கிறது யார்? 1997-ல் கை ஸிமன்ஸும் எலினா இகோனனும் ஒரு பதில் சொன்னாங்க. கொலஸ்ட்ராலும் சில வகை கொழுப்புகளும் நெருக்கமா சேர்ந்து தெப்பம் மாதிரி மிதக்கும், சில புரதங்கள் அதுல ஏறிக்கும். பேர்: 'லிப்பிட் ராஃப்ட்'. நம்ம எல்.சி.கே-க்கும் லாட்டுக்கும் உடம்புல கொழுப்பு வால் ஒட்டியிருக்கு. ஸோ, அதுங்களுக்குத் தெப்பத்துல இடம் நிச்சயம்னு சொன்னாங்க.

சிக்கல் என்னன்னா, தெப்பம் ரொம்பப் பொடிசு. சாதாரண லைட் மைக்ரோஸ்கோப்பால 200 நானோமீட்டருக்குக் கீழே பிரிச்சுப் பார்க்க முடியாது. சோப்பு போட்டுக் கரைச்சு மிஞ்சினதை வெச்சு 'இதான் தெப்பம்'னா எப்படி நம்புறதுன்னு கிழி கிழின்னு கிழிச்சாங்க. இங்கேதான் பெங்களூரு என்ட்ரி! அங்கேயுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரும் அவர் மாணவர் ரஜத் வர்மாவும், ஒரு புரதத்தோட ஒளி பக்கத்துப் புரதத்துக்குத் தாவுதான்னு அளந்து, சில புரதங்கள் நிஜமாவே கூட்டமாத்தான் இருக்குன்னு 1998-ல் காட்டினாங்க. அப்புறம் அதே வர்மா, டஸ்டினோட சேர்ந்து, டி செல்லோட அந்த ஓரத்துக் குட்டிக் கூட்டங்கள்தான் சிக்னலைத் தாங்குதுன்னு 2006-ல் சொன்னார். பெங்களூருக் கூட்டங்கள் தானா மிதந்து சேரலை, சவ்வுக்குக் கீழே இருக்கிற ஆக்டின் இழைகள் இழுத்து இழுத்துக் கூட்டுதுன்னும் மேயரும் மதன் ராவும் காட்டினாங்க.

2016-ல் இன்னொரு சுவாரஸ்யம். லாட்டும் அதன் கூட்டாளிகளும் ரசத்துல எண்ணெய்த் துளி ஒண்ணு சேர்ற மாதிரி, சவ்வு மேல திரண்டு துளியா பிரிஞ்சு நிக்குது. அந்தத் துளிக்குள்ள ஸாப்-70 உள்ளே வருது, சிடி45 வெளியே போகுது. மறுபடியும் அதே கதைதான், யார் உள்ளே, யார் வெளியே!

லண்டனில் ஒரு மார்ச் 13

'இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?'ன்னு கொட்டாவி விடுறவங்க இந்தப் பகுதியை மட்டுமாவது படிங்க.

2006, மார்ச் 13. லண்டனில் புது மருந்து ஒன்றின் முதல் மனிதச் சோதனை. பேர் டி.ஜி.என்.1412. எட்டு ஆரோக்கியமான இளைஞர்கள். ரெண்டு பேருக்கு டம்மி ஊசி, ஆறு பேருக்கு நிஜ மருந்து. விலங்குகளுக்குப் பாதுகாப்பா இருந்த அளவுல ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தாங்க. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள தலைவலி, முதுகுவலி, வாந்தி, காய்ச்சல். அப்புறம் உறுப்புகள் ஒண்ணொண்ணா படுக்க ஆரம்பிச்சுது. ஆறு பேரும் ஐ.சி.யூ-வில். ஆறு பேரும் உயிர் பிழைச்சாங்க. ஆனா, ஒருத்தருக்கு விரல்களே போச்சு.

என்ன நடந்தது? டி செல் முழிக்க ரெண்டு சாவி வேணும். முதல் சாவி, டி.சி.ஆர். ரெண்டாவது, 'சிடி28'. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ்ல படிச்ச 'ஆண்ட் கேட்' ஞாபகம் வருதா? ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் அவுட்புட். இந்த மருந்து சிடி28-ஐ மட்டும் பிடிச்சு, முதல் சாவியே இல்லாம கேட்டைத் திறந்துடுச்சு. எதிரி யாருன்னே தெரியாம டி செல்கள் மொத்தமா கிளம்பினா என்ன ஆகும்? அதான் ஆச்சு. இதுலயும் ஒரு இட விவகாரம் உண்டு. வழக்கமான ஆன்டிபாடிகள் சிடி28-ஓட நுனியைப் பிடிக்கும். இது சவ்வை ஒட்டின பக்கத்தைப் பிடிச்சது.

விலங்குகள்ல ஏன் தெரியலை? அந்தக் குரங்குகளோட சில வகை டி செல்கள்ல சிடி28-ஏ இல்லைன்னு பின்னாடி, 2010-ல் தெரிய வந்தது. சவ்வுல யார் இருக்காங்கன்னு பார்க்காம விட்டதோட விலை அது. அதுக்கப்புறம், முதல்முறை மனிதர்களுக்கு மருந்து கொடுக்கிறப்போ ஒரே நேரத்துல வரிசையா குத்தாம, ஒருத்தருக்குக் கொடுத்துட்டுக் காத்திருந்து பார்க்கணும்னு ஐரோப்பாவில் விதிகளை இறுக்கினாங்க.

எதிர்ப் பக்கமும் உண்டு. ஸாப்-70 பிறவியிலேயே பழுதான குழந்தைகளை 1994-ல் அடையாளம் கண்டாங்க. அவங்ககிட்ட ஒரு வகை டி செல் ரத்தத்துல நிறையவே இருக்கு. ஆனா, தொட்டாலும் முழிக்காது. ஆள் இருந்தும் அட்டெண்டன்ஸ் இல்லாத கேஸ்!

மும்பையிலிருந்து ஒரு நல்ல சேதி

இந்தக் கணக்கெல்லாம் இப்போ கேன்சர் வார்டுக்கு வந்தாச்சு. நோயாளியோட டி செல்லையே வெளியே எடுத்து, 'கார்'னு ஒரு செயற்கை ரிசப்டரைப் பொருத்தித் திருப்பி ஏத்துறாங்க. அமெரிக்காவில் 2017-ல் முதல் அனுமதி. நம்ம ஊர்ல ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கின 'நெக்ஸ்கார்19' சிகிச்சைக்கு 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சது. அமெரிக்க விலையோட ஒப்பிட்டா ரொம்பவே குறைவு.

ஆனா, கார் டி செல்லுக்கு ஒரு பலவீனம். இயற்கையான டி.சி.ஆருக்குப் பத்துத் துண்டு போதும்னு பார்த்தோமில்லையா? கார் ரிசப்டருக்குப் பல நூறு, சில நேரம் ஆயிரக்கணக்குல இலக்கு வேணும். கேன்சர் செல் தன் மேல இருக்கிற அடையாளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா தப்பிச்சுடும். மைக்ரோஸ்கோப்புல பார்த்தா, கார் டி செல்கள் அந்த அழகான வட்டப் பலகையை உருவாக்குறதில்லை, எல்லாம் கலைஞ்சு கிடக்கு. அதனால, ரிசப்டரோட கழுத்து எத்தனை நானோமீட்டர் இருக்கணும், சவ்வுக்கு எவ்வளவு பக்கத்துல பிடிக்கணும், லாட்டை எப்படி ஒழுங்கா கூப்பிடணும்னு உட்கார்ந்து டிசைன் பண்றாங்க. சிவில் இன்ஜினீயர் தூணோட உயரத்தைக் கணக்குப் போடுற மாதிரி!

கவனிச்சீங்களா? இந்தக் கதையில லித்தோகிராஃபி வந்தது, ஒளியியல் வந்தது, ஆண்ட் கேட் வந்தது. மதன் ராவ் ஒரு தியரி ஃபிஸிக்ஸ்காரர். 'பயாலஜி எனக்கு ஆகாதுப்பா'ன்னு ப்ளஸ் ஒன்லயே தலை முழுகிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவங்களுக்கும் இங்கே வேலை காலி இருக்கு. இதை எழுதுறவனும் அந்த கோஷ்டிதான்!

அடுத்த முறை காய்ச்சல் வந்து ரெண்டு நாள்ல தானா எழுந்து உட்கார்றப்போ, உங்க நிணநீர் முடிச்சுல யாரோ ஒரு உயரமான சூப்பர்வைசர் சரியான நேரத்துல, சரியா சில நானோமீட்டர் நகர்ந்து நின்னிருக்கார்னு நினைச்சுக்குங்க. அவர் நகராம இருந்திருந்தா, நீங்க இன்னும் போர்வைக்குள்ளதான்!

எக்ஸாம் ஹால்ல மட்டும் அவர் நகர்வார்னு எதிர்பார்க்காதீங்க, பாஸ். அங்கே படிச்சுட்டுத்தான் போகணும்!